உற்றானை மறந்த மருத்துவக் கல்வி

மருத்துவம் பயிலும் மாணவர்க்கு மனிதப் பண்பையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்னும் குரல் இன்று நாடெங்கும் ஒலிக்கிறது. நோயை மட்டும் பாராது, நோயுற்ற மனிதரை முழுமையாகப் பார்க்கும் மருத்துவர் வேண்டும் என்று ஆணையங்கள் எழுதுகின்றன, பாடத்திட்டங்கள் அச்சாகின்றன, கருத்தரங்குகள் கூடிக் கலைகின்றன. நோக்கம் நல்லது. அதனை நிறைவேற்றப் புகுந்த வழி தவறானது என்பதே நம் வழக்கு. பண்பை ஒரு பாடமாக்கி, அப்பாடத்துக்கு ஒரு குறிப்பேடு தந்து, குறிப்பேட்டில் ஒரு கையொப்பமும் பெற்றுவிட்டால் மனிதநேயம் கற்பிக்கப்பட்டுவிட்டது எனக் கருதும் போக்கை நாம் மறுக்கிறோம். அப்பண்பு வேர்விட்டு வளர்வதற்கு ஏற்ற நிலமாகிய குடும்ப மருத்துவத்தைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு, உள்ளே பண்பைப் பற்றி விரிவுரை நிகழ்த்துவதையும் நாம் மறுக்கிறோம்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை ஓதியோர் அறிவர். கற்ற மருத்துவன் எவற்றை எண்ணிச் செயற்பட வேண்டும் என்று கூறவந்த வள்ளுவர், மூன்றை வரிசைப்படுத்துகிறார்: நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலத்தின் இயல்பு. இவ்வரிசையில் முதலிடம் பிணிக்கு அன்று; 'உற்றா'னுக்கே. அடுத்த குறளில் மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவன். அங்கும் முதலில் நிற்பவன் உற்றவனே. இந்நான்கில் நம் கல்லூரிகள் மருந்தை நன்றாகவே கற்பிக்கின்றன. தீர்ப்பவனின் கைத்திறனையும் வளர்க்கின்றன. உற்றவன் யார், அவனுடைய கட்டிலருகே அமர்ந்திருப்பவள் யார் என்னும் கேள்விகள் மட்டும் தேர்வுத் தாளில் இடம் பெறுவதில்லை.

அரபு மொழியும் இதனையே உணர்த்துகிறது. மருத்துவரை நம் முன்னோர் 'ஹகீம்' என அழைத்தனர். ஞானமுடையவர் என்பது அச்சொல்லின் பொருள். தம்மை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'ரஃபீக்' என்னும் பெயரைச் சூட்டியதாக இமாம் அபூதாவூத் அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். ரஃபீக் என்றால் தோழன், மென்மையோடு நடப்பவன். ஆக, தமிழ் மரபாயினும் அரபு மரபாயினும், மருத்துவத்தின் தொடக்கம் மருந்துச் சீட்டில் இல்லை. மனிதரை அறிவதில் இருக்கிறது.

எண்பது ஆண்டுப் பேச்சு

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையா? இல்லை. விடுதலைக்கு முன்பே, 1946இல், போர் குழு தன் அறிக்கையை அளித்தது. சமுதாயத்தை அறிந்த மருத்துவரை உருவாக்க வேண்டும். அதற்கென மாணவர்க்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்று அவ்வறிக்கை வற்புறுத்தியது. 1975இல் ஸ்ரீவாஸ்தவா குழு, மருத்துவக் கல்வி நம் மக்களின் தேவையைவிட்டு விலகி நிற்பதைச் சுட்டிக் காட்டியது. அதனைத் தொடர்ந்து 1977இல் மருத்துவக் கல்லூரிகளைக் கிராமத்தின் பக்கம் திருப்பும் திட்டம் வந்தது. 2002ஆம் ஆண்டின் தேசிய நலக் கொள்கை குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பு இடங்கள் பெருக வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டின் கொள்கையும் அதனையே சொன்னது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஒருபடி மேலே சென்று, குடும்ப மருத்துவ மேற்படிப்பை ஊக்குவிப்பதைச் சட்டக் கடமையாகவே எழுதி வைத்தது.

இளநிலைப் படிப்பிலும் மாற்றம் வந்தது. மனப்பான்மை, அறநெறி, உரையாடும் திறன் ஆகியவற்றுக்கான பாட நூலை இந்திய மருத்துவக் குழுமம் 2018இல் வெளியிட்டது. 2019இல் சேர்ந்த மாணவர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2021-22ஆம் கல்வியாண்டில் சேர்ந்தோர் முதல், ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்னும் ஏற்பாடும் வந்தது. அதே காலத்தில்தான் நம் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வாய்த்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒருசேரத் தொடங்கி வைக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அந்த 11 கல்லூரிகளாலும் மாநிலத்தில் 1,450 மருத்துவ இடங்கள் கூடின.

இத்தனையும் இருக்க, குறை எங்கே? கல்லூரி தொடங்க வேண்டுமாயின் உடற்கூறியல் துறை கட்டாயம், உடலியங்கியல் கட்டாயம், கண்ணுக்கும் காதுக்கும் எலும்புக்கும் துறைகள் கட்டாயம். குடும்ப மருத்துவத்துக்குத் தனித்துறை கட்டாயம் இல்லை. முழுமனிதரையும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆசிரியரைக்கூடக் காணாமலே ஒரு மாணவர் பட்டம் பெற்றுவிடலாம். பண்பு கற்பிக்கும் பொறுப்பு எல்லாத் துறைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. பத்து வீட்டுக்குப் பொதுவான பசு பட்டினி கிடப்பதைக் கிராமத்தார் அறிவர். இப்பாடத்தின் நிலையும் அதுவே. தேசியத் தேர்வு வாரியம் குடும்ப மருத்துவத்துக்கு 1980களிலேயே இடம் தந்தது. அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பாக அது கோழிக்கோட்டில் தொடங்கியதோ 2010களின் தொடக்கத்தில். எண்பது ஆண்டுப் பேச்சுக்கு எவ்வளவு மெதுவான நடை!

முழுமனிதர் என்பது யாது?

'முழுமனிதப் பராமரிப்பு' என்றதும், கையைப் பிடித்துக்கொண்டு இனிமையாகப் பேசுவது என்று பலர் நினைக்கின்றனர். அன்று. அது அறிவின் ஒரு பகுதி; கேள்வி கேட்கத் தெரிந்திருப்பது. நம் சமவெளியிலிருந்தே சான்று காட்டுவோம்.

வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலையில் வேலை செய்யும் ஒருவர் நெஞ்சு இறுக்கம் என்று வருகிறார். ஆஸ்துமா என்று எழுதி மருந்து கொடுத்தனுப்புவது எளிது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் அந்த இறுக்கம் மிகுகிறதா என்று கேட்பவர் மட்டுமே அது பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோயாக இருக்கலாம் என்பதை உணர்வார். கேளாத மருத்துவர் மருந்தை மாற்றி மாற்றி எழுதுவார்; தொழிலாளியோ தூசிக்கே திரும்பிப் போவார். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் குரோமியம் கலந்த நீரில் கைவைத்து உழைப்பவருக்குத் தோலில் ஒவ்வாமையும் புண்ணும் வரும். களிம்பு கொடுத்தால் ஆறும். மறுவாரம் திரும்ப வரும். நோயாளியின் தொழிலைக் கேட்டறிய வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தம் நூலில் மருத்துவர்க்கு அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் ஓ.பி. சீட்டுகளில் வயதும் பாலும் இருக்கின்றன. தொழிலுக்கு இடம் இருப்பதில்லை.

ரமலான் மாதத்தை எண்ணிப் பாருங்கள். பேகம்பூர்த் தெருக்களில் சர்க்கரை நோயுள்ள எத்தனையோ பெரியவர்கள் நோன்பு நோற்கின்றனர். சர்க்கரையைத் தணிக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும், உண்ணாதிருக்கும் வேளையில், அதனை அபாயமான அளவுக்குத் தாழ்த்திவிடக் கூடும். ஆகவே நோன்புக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே நோயாளியோடு கலந்து பேசி, நோற்கலாமா கூடாதா என்று தீர்மானித்து, நோற்பதாயின் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்க வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதலே கூறுகிறது. எத்தனை மருத்துவர் கேட்கின்றனர்? கேட்டால் தடுத்துவிடுவாரோ என்று நோயாளி சொல்லாமல் விடுகிறார். சொல்லாததால் மருத்துவர் அறியாமல் விடுகிறார். இருவருக்கும் நடுவே, ஸஹருக்குப் பின் விழுங்கிய மாத்திரை நடுப்பகலில் தன் வேலையைச் செய்கிறது.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. தை மாதத்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் அன்பர்களைக் காணாதார் யார்? அவர்களுள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குன்றியவர்களும் உண்டு. வெறுங்காலோடு நடக்கும் அவர்களுக்கு முள் குத்தியதும் தெரியாது. தார்ச்சாலை சுட்டதும் தெரியாது. யாத்திரை முடிந்தபின் புண் தெரிகிறது. சிலருக்கு விரல் போகிறது. 'இவ்வாண்டு மலைக்கு நடப்பீர்களா?' என்று மார்கழியிலேயே கேட்கத் தெரிந்த ஒரு மருத்துவர் அந்த விரலைக் காப்பாற்றியிருப்பார். நோயாளியின் நம்பிக்கையை ஏளனம் செய்யாமலும், அதற்கு அஞ்சி வாய்மூடாமலும் பேசுவது ஒரு கலை. அக்கலைக்குத்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

நேரம் இல்லை என்பார்க்கு

இனி எதிர்வாதங்களைக் காண்போம். முதல் வாதம்: 'நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் இவற்றையெல்லாம் கேட்க ஏது நேரம்?'

இதில் உண்மை உண்டு, மறைக்கமாட்டோம். 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, சுவீடனில் ஒரு நோயாளிக்கு 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. இந்தியாவில் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நிமிடம். பங்களாதேசத்தில் ஒரு நிமிடங்கூட இல்லை. இவ்விரண்டு நிமிடத்துக்காக மருத்துவரை மட்டும் குற்றம் சாட்டுவது அநீதி. மருத்துவரைப் போதிய அளவில் நியமியாத ஆட்சியும், எல்லாவற்றுக்கும் பெரிய மருத்துவமனைக்கே ஓடும் நம் பழக்கமும் அதற்குப் பொறுப்பு.

ஆயினும், இந்த வாதம் குடும்ப மருத்துவத்துக்கு எதிரானதா, ஆதரவானதா? அறியாதவரைப் புதிதாக அறிவதற்கே நேரம் மிகுதியாக வேண்டும். பத்து ஆண்டுகளாக ஒரு குடும்பத்தைப் பார்த்து வரும் மருத்துவருக்கு, வாசலில் நுழையும்போதே பாதி வரலாறு தெரியும்: இவர் நூற்பாலைத் தொழிலாளி, இவர் மனைவிக்குக் காசநோய் வந்து தீர்ந்தது, மகன் வெளிநாட்டில் இருக்கிறான், சென்ற ஆண்டு தாயை இழந்தார். அவருக்கு இரண்டு நிமிடமும் இரண்டு நிமிடமாகவே பயன்படும். புதியவருக்கோ அதில் ஒன்றரை நிமிடம் பெயரும் முகவரியும் கேட்பதிலேயே கழியும். தொடர்ச்சியே நேரத்தை ஈட்டித் தருகிறது. மேலும், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். குறுக்கிடாமல் இருப்பதற்குச் செலவாகும் நேரம் சிறிது. கேளாமல் விட்டதால் மறுமுறையும் மறுமுறையும் வருவதற்குச் செலவாகும் நேரம் பெரிது.

பிறவிக்குணம் என்பார்க்கு

இரண்டாம் வாதம்: 'இரக்கம் பிறவிக்குணம், அதனைக் கல்லூரியில் கற்பிக்க முடியாது.'

ஆசிரியத் தொழிலில் தலைநரைத்த நமக்கு இவ்வாதம் வியப்பைத் தருகிறது. பண்பு கற்பிக்கப்படாதது என்றால், உலகத்து மதரஸாக்களையும் குருகுலங்களையும் இழுத்து மூடிவிடலாமே! கற்பிக்க முடியும். ஆனால் கற்பிக்கும் முறை வேறு. அக்லாக் பற்றிய கிதாபுகளை நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர், தேர்வும் எழுதுகின்றனர். எனினும் அதபு என்னும் ஒழுக்கம் அவர்களுக்கு வருவது கிதாபிலிருந்து அன்று. உஸ்தாதின் ஸுஹ்பத்திலிருந்தே, அதாவது அருகிருந்து பழகுவதிலிருந்தே வருகிறது. சமையற்காரரோடு உஸ்தாத் எப்படிப் பேசுகிறார், தவறாக ஓதிய சிறுவனை எப்படித் திருத்துகிறார், தமக்குத் தெரியாத மஸ்அலாவைக் கேட்டால் தெரியாது என்று சொல்கிறாரா என்பவற்றை மாணவன் கண்ணால் ஓதிக்கொண்டே இருக்கிறான். நூலில் பணிவு, நூலை நடத்துபவரிடம் ஆணவம் என்றால், மாணவன் எதைக் கற்பான்? ஐயமின்றி ஆணவத்தையே கற்பான்.

மருத்துவக் கல்வியாளர் இதனை 'மறைந்திருக்கும் பாடத்திட்டம்' என்கின்றனர். ஒருமுறை நம் மஹல்லாப் பெரியவர் ஒருவருக்குத் துணையாக, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் இருந்தோம். காலையில் மூத்த மருத்துவர் வந்தார்; பின்னால் பயிற்சி மருத்துவர்கள் ஐவர். சர்க்கரையின் அளவு என்ன, உப்பின் அளவு என்ன என்று கேள்விகள் பறந்தன, பதில்களும் பறந்தன. பெரியவர் மெல்ல, "ஐயா, பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்கு" என்றார். பயிற்சி மருத்துவர்களில் ஒரு பெண் குனிந்து அவர் பாதத்தைப் பார்க்க முற்பட்டார். "அதெல்லாம் பிறகு, ரிப்போர்ட்டைப் பாருங்கள்" என்றார் மூத்தவர். அந்தப் பெண் நிமிர்ந்துகொண்டார். அவ்வறையின் சுவரில், நோயாளியோடு உரையாடும் முறை பற்றிய அழகிய அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அப்பெண் எதைப் படித்தார்? அட்டையையா, ஆசிரியரையா?

குனிந்த அந்த முதுகை யாரும் கற்பிக்கவில்லை என்பதையும் கருதுக. இரக்கம் அவரிடம் இருந்தது. பயிற்சிதான் அதனை நிமிர்த்திவிட்டது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவரின் பரிவுணர்வை ஆண்டுதோறும் அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் இதுவே. முதலிரண்டு ஆண்டுகள் குன்றாதிருந்த பரிவு, மூன்றாம் ஆண்டில் கணிசமாகக் குறைந்தது. அந்த ஆண்டுதான் மாணவர் நோயாளிகளிடம் செல்லத் தொடங்கும் ஆண்டு! நோயாளியை நெருங்க நெருங்கப் பரிவு குறைகிறது என்றால், கோளாறு மாணவரின் பிறவியிலா இருக்கிறது?

நம் பேரறிஞர்கள் இதனை அறிந்திருந்தனர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ மருத்துவரின் ஒழுக்கத்துக்கென்றே 'அதபுத் தபீப்' என்னும் தனிநூல் இயற்றினார். அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று பெயரிட்டார். உள்ளம் நொந்தால் உடலும், உடல் நொந்தால் உள்ளமும் வாடும் என்பது அவருடைய கொள்கை. 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், உடல், உளம், சமூகம் மூன்றையும் இணைத்துப் பார்க்கும் மருத்துவம் வேண்டும் என்று எழுதியபோது உலகம் அதனைப் புதுமை என்று வியந்தது. பல்கீ மறைந்து அப்போது ஆயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன. பழம்பெருமை பேசுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பெருமை பேசியே பொழுதைக் கழித்தோம். நூல்களின் பெயரை மனனம் செய்தோம். அவற்றின் வழியில் ஒரு மருத்துவரைக்கூட உருவாக்க முனையவில்லை என்று நம் சமுதாயத்தை இடித்துரைக்கவே சொல்கிறோம்.

திறமை போதும் என்பார்க்கு

மூன்றாம் வாதமே வலியது: 'எனக்குப் பண்பாளர் வேண்டாம், திறமையாளர் போதும். கத்தி சரியாக வெட்டினால் சரி.'

நெஞ்சைப் பிளந்து அறுவை செய்யும் வேளையில் இந்த வாதம் செல்லும். ஆனால் நம் மக்களில் பெரும்பாலோரை வாட்டுபவை சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியன. இவை ஒருநாள் வெட்டால் தீர்பவை அல்ல. முப்பது ஆண்டுகள் உடன்வருபவை. இங்கே பண்பே திறமையாகிறது. பரிவு மிகுந்த குடும்ப மருத்துவர்களிடமும் பரிவு குறைந்தவர்களிடமும் சிகிச்சை பெற்ற 891 சர்க்கரை நோயாளிகளை ஒப்பிட்டு அமெரிக்காவில் 2011இல் ஆய்வு வெளியிட்டனர். முன்னவரிடம் 56 விழுக்காட்டினர்க்கு நோய் நன்கு கட்டுப்பட்டிருந்தது. பின்னவரிடம் 40 விழுக்காட்டினர்க்கே. நார்வே நாட்டு ஆய்வொன்றில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களின் இறப்பு வாய்ப்பு, ஓராண்டுத் தொடர்பு உடையவர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு புதிய மாத்திரை இந்த அளவு பயன் தந்திருந்தால், அதனை வாங்க நாம் சொத்தை விற்றிருப்போம்!

வெளியே தேட வேண்டா

இவ்வழியில் நடந்து காட்டியவர் நம் மாவட்டத்திலேயே உண்டு. மருத்துவர் சௌந்தரம் ராமச்சந்திரன் அவர்கள், கணவர் ஜி. ராமச்சந்திரன் அவர்களோடு 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். இளமையில் கைம்மை எய்தி, அதன்பின் டில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் பயின்றவர் அவர். பெருஞ்செல்வரின் மகள், நகரத்தில் மருத்துவமனை வைத்திருக்கலாம். சின்னாளபட்டி நெசவாளர்களிடம் வந்தார். அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனை, கட்டிலோடு நின்றுவிடவில்லை. ஊழியர்களைப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்பியது. ஆத்தூர் வட்டாரத்தில் 1959இல் தொடங்கிய முன்னோடித் திட்டம், குடும்பங்களை அவர்தம் வீட்டிலேயே அறிந்து பணிபுரியும் முறைக்கு நாடறிந்த சான்றாயிற்று.

ஒட்டன்சத்திரத்தில் 1955இல் மருத்துவர் ஏ. கே. தரியன், மருத்துவர் ஜேக்கப் செரியன் முதலியோர் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். வசதியான ஊர்களை விட்டு, வானம் பார்த்த பூமிக்கு அவர்கள் வந்தனர். காய்கறி மூட்டை சுமப்பவரும் கரிசல்காட்டு உழவரும் அங்கே வைத்தியம் பெற்றனர். முஸ்லிம் என்றும் இந்து என்றும் எவரும் வாசலில் நிறுத்தப்படவில்லை. ஒருவர் காந்தியத்தால் உந்தப்பட்டார். மற்றவர் கிறிஸ்துவின் போதனையால் உந்தப்பட்டனர். 1284இல் கெய்ரோவில் ஏழைக்கும் செல்வருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வக்ஃபு செய்யப்பட்ட கலாவூன் மருத்துவமனையின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இம்மாவட்டத்தில் அத்தகைய எதனை எழுப்பினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது; படுக்கையில் கிடப்போர்க்கு ஆதரவுச் சிகிச்சையும் தந்தது. ஊழியர் வீட்டை அறிந்திருக்கிறார். அவ்வூழியர் கண்டு வந்ததைக் கேட்டு, பொருளறிந்து, மருந்தை மாற்றத்தக்க மருத்துவர்தான் இச்சங்கிலியில் விடுபட்ட கண்ணி. அக்கண்ணிக்குப் பெயர் குடும்ப மருத்துவர்.

நாம் கோருவன

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும், திண்டுக்கல் கல்லூரியிலும், குடும்ப மருத்துவத்துக்குத் தனித்துறையும் பேராசிரியரும் மேற்படிப்பு இடங்களும் வேண்டும். முழுமனிதரைப் பார்க்கும் கலையை, அதனைப் பார்த்துப் பழுத்தவரே கற்பிக்க வேண்டும்.

மாணவர் தத்தெடுத்த குடும்பம், படிப்பு முடியும்வரை அவர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். பேருந்தில் கூட்டமாகப் போய்ப் படிவம் நிரப்பித் திரும்புவது தத்தெடுப்பு ஆகாது. அக்குடும்பத்தில் பிரசவமாயினும் மரணமாயினும் மாணவருக்குச் செய்தி வர வேண்டும். அவர் போக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களும், காந்திகிராமம், ஒட்டன்சத்திரம் போன்ற இடங்களும் பயிற்சிக் களங்களாக வேண்டும். கல்லூரி மாடியில் காணும் நோயாளி, தன் வீட்டைவிட்டுப் பிரித்தெடுக்கப்பட்டவர். வேரோடு காண வேண்டுமாயின் ஊருக்குள் செல்ல வேண்டும்.

பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் ஓர் இரவாவது நோயாளியின் துணையாளராக, கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்து பார்க்க வேண்டும். வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு யாதென அன்று விளங்கும்.

நோயாளியின் மொழி பாடமாக வேண்டும். மதமதப்பு, கிறுகிறுப்பு, படபடப்பு, நெஞ்சுக்கரிப்பு, 'மேலுக்கு முடியலை' என்பன வெறும் பேச்சுவழக்கு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. இவற்றின் பொருளறியாதவர், எத்தனை கருவி வைத்திருந்தாலும், நம் மக்களின் நோயை மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்.

கடைசியாக, மாணவரின் பண்பை அளக்குமுன் ஆசிரியரின் பண்பை அளக்க வேண்டும். படுக்கையருகே நோயாளியை இழிவாகப் பேசும் பேராசிரியருக்கு, எத்துணைப் புலமை இருப்பினும், கற்பிக்கும் உரிமை இருத்தல் ஆகாது. ஹதீஸை அறிவிப்பவரின் நினைவாற்றலை மட்டுமன்றி நேர்மையையும் ஆராய்ந்தே ஸனதை ஏற்றனர் நம் இமாம்கள். மருத்துவக் கல்விக்கும் ஒரு ஸனது உண்டு. அதில் ஒரு கண்ணி பழுதானால், பின்வரும் தலைமுறை முழுதும் பழுதாகும்.

இக்கோரிக்கைகள் அரசுக்கு மட்டும் உரியன அல்ல. 'அவர் வெறும் எம்.பி.பி.எஸ். தானே' என்று உதட்டைப் பிதுக்குபவர் யார்? நாம்தான். மகன் இதயத்துக்கோ மூளைக்கோ சிறப்பு மருத்துவரானால் ஊரழைத்து விருந்து வைக்கிறோம். குடும்ப மருத்துவம் படிக்கிறேன் என்றால், இடம் கிடைக்கவில்லையோ என்று இரங்குகிறோம். மாப்பிள்ளை தேடும் சபைகளிலும் அதே அளவுகோல். இந்த மனநிலை மாறாதவரை, நூறு துறை திறந்தாலும் நல்ல மாணவர் அதில் சேரார். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் கல்வி அறக்கட்டளைகளும் உதவித்தொகை வழங்கும்போது, குடும்ப மருத்துவம் பயின்று இம்மாவட்டத்திலேயே தங்கிப் பணிபுரிய முன்வருவோர்க்கு முதலிடம் தரட்டும்.

பெரிய மருத்துவமனை மதுரையில் உண்டு, கோவையில் உண்டு, சென்னையில் உண்டு. நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டிலும் இல்லாதது, நம்மைப் பெயர்சொல்லி அழைத்து, நம் பாதத்தைக் குனிந்து பார்க்கும் ஒரு மருத்துவர் எல்லார்க்கும் கிட்டும் நிலையே. அவ்வாறு குனியத் துணியும் இளையவரின் முதுகை நிமிர்த்திவிடாத கல்வியே நாம் வேண்டும் கல்வி. அதனைக் கேட்டுப் பெறும் கடமை நமக்கு உண்டு.